பம்புக்கு மருமகள்

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பதில் அந்தப் படக்காரரை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. அவருடைய ஸ்டுடியோ பத்தடிக்கு எட்டடி. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, சீப்பு தொங்கும் ஒரு கண்ணாடி, மிச்ச இடத்தில் அவர் மனைவி. பிரிண்ட் போடுவது, வெட்டுவது, கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் மனைவியின் இலாகா. படத்தில் இருப்பது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வாடிக்கையாளருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனால் எந்த ஆபீசும் இதுவரை அவர் படத்தைத் திருப்பி அனுப்பியதில்லை.

அவரை ஒருநாள் மனித–இயந்திர உறவு மேம்பாட்டு இயக்ககத்திலிருந்து போனில் கூப்பிட்டார்கள். ஊரில் இதற்கு உறவாபீஸ் என்று பெயர். 'நவீன வாழ்வில் மனிதரும் இயந்திரமும்' என்று ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம், நூறு படம் வேண்டுமாம். ஊரில் பேர் வாங்கிய படக்கலைஞர்கள் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் அவர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல, "உறவுன்னு நீங்க எதைச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். உறவாபீசில் அந்தக் கேள்விக்குக் கோப்பு கிடையாது. நம் படக்காரர், "என்ன சைஸ் சார்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே நியமன உத்தரவு வந்துவிட்டது.

மறுநாள் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். ஒரே ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்.

"இந்த இயக்ககம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மனுஷனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. இப்ப நடுவுல நாங்க இருக்கோம்" என்றார்.

படக்காரர் தலையாட்டினார்.

"என்னையே எடுத்துக்கோங்க. இந்தக் கம்ப்யூட்டர் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒருநாள், ஒருநாள்கூட எங்களுக்குள்ள மனஸ்தாபம்னு வந்ததில்ல."

கம்ப்யூட்டர் வந்த அன்று போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

வெளியே வந்ததும் பிரிவு எழுத்தர் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்தார். ஒல்லியான மனிதர். யார் என்ன பேசினாலும் அதைச் சொல் பிசகாமல் எழுதிவைப்பது அவர் வேலை. அதனாலேயே அவரோடு யாரும் அதிகம் பேசுவதில்லை.

"ஒரு படத்துக்கு ஒரு படிவம். மனிதர் விவரம் இங்க, இயந்திர விவரம் இங்க. இது உறவுமுறை."

"உறவுமுறைன்னா சார்?"

"பின்னாடி அச்சடிச்சிருக்கு, பாருங்க."

படக்காரர் திருப்பிப் பார்த்தார். தந்தை, தாய், கணவன், மனைவி, அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, மாமனார், மாமியார் என்று வரிசையாக இருந்தது.

"இது குடும்பப் பதிவுப் படிவம் மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, அதேதான். அந்த ஆபீஸ்ல மிஞ்சிப்போச்சு. வீணாக்கலாமா? மேல தலைப்பை மட்டும் ரப்பர் ஸ்டாம்பால மாத்திட்டோம்."

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருந்தா வசதியா இருக்குமே."

"போன திருத்தத்துல எடுத்துட்டாங்க. வெச்சிருந்தா எல்லாரும் அதையே எழுதறாங்க."

படக்காரர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். இருபது வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்தவர்களையே எடுத்துப் பழகியவர். நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, வியர்த்துக்கொண்டு இருப்பவர்களை எப்படி எடுப்பது என்று முதல் இரண்டு நாள் திணறினார். படத்தைவிடப் படிவம்தான் அதிகம் திணறடித்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினை முழங்காலால் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். "உறவா? பங்காளின்னு எழுதுங்க. பேப்பரை முழுங்கிட்டு இல்லவே இல்லைங்கும்." பட்டியலில் பங்காளி இல்லாததால் படக்காரர் அண்ணன் என்று எழுதிக்கொண்டார்.

தையற்கார அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பத்து வருஷமா சோறு போடறது இதுதான். அம்மான்னு எழுதுங்க" என்றார்.

பஸ் டிரைவர் ஸ்டீரிங்கில் சாய்ந்துகொண்டு, "பெண்டாட்டிதான், சந்தேகமென்ன? நான் ஒரு பக்கம் திருப்பினா அது ஒரு பக்கம் போகும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தா அது போனதுதான் சரியான வழியா இருக்கும்" என்றார். மனைவி என்று எழுதிக்கொண்டார் படக்காரர்.

இப்படித் தொண்ணூற்றொன்பது படம் முடிந்தது. நூறாவது படத்துக்கு நீரேற்று நிலையத்துக்குப் போனார்.

பதினொரு தெருவுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. உள்ளே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பச்சைப் பெயின்ட் உதிர்ந்துபோன ஒரு பழைய பம்ப். அதை ஓட்டுகிறவரை ஊரே பம்ப் அக்கா என்றுதான் கூப்பிடும். நாற்பத்தைந்து வயசு இருக்கும். காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். படக்காரர் நுழைந்தபோது அவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, "எந்திரிங்க மாமா, மணி அஞ்சரை ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரைக் கூப்பிட்டீங்க?"

"இவரைத்தாண்ணே" என்று பம்பைக் காட்டினார். அப்புறம் அதன் தலையிலிருந்த புனல் வழியாக இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். "எங்க வீட்டு மாமனாரும் இதே மாதிரிதான். எந்திரிச்சதும் தண்ணி கொடுத்துடணும். கொடுக்கலேன்னா நாள் பூரா உறுமல். வேலைன்னு இறங்கிட்டா நிறுத்தத் தெரியாது. நடுவுல மூச்சு அடைச்சுக்கும், முதுகுல கை வெச்சுப் பார்த்துக்கணும். வள்ளுவள்ளுன்னு விழுவார். ஆனா மொத்தக் குடும்பமும் அவரை நம்பித்தான் ஓடுது."

"அப்ப மாமனார்னே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. கேட்டா ரெண்டு பேரும் சந்தோஷப்படுவாங்க."

"சரி, இங்க பாருங்க, சிரிக்காதீங்க" என்று படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே, காத்து இன்னும் இருக்கு" என்று சொல்லி, பம்ப் அக்கா பக்கத்திலிருந்த சின்னக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஒரு உள்ளங்கையைப் பம்பின் முதுகில் வைத்து, காதை அதன்மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். படக்காரருக்கே தெரியாமல் அவர் விரல் அமுக்கிவிட்டது.

கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. அதற்கு முன்னால் கூட்டம் நகரவே இல்லை. படக்காரரின் மனைவி மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இத்தனை வருஷத்துல நீங்க எடுத்ததுல இந்த ஒண்ணுலதான் ஆளுக்கு உயிர் இருக்கு" என்றார். படக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டு: 'உறவுமுறை: மாமனார்.'

கண்காட்சி முடிந்ததும் நூறு படிவங்களும் உறவாபீசின் பரிசீலனைப் பிரிவுக்குப் போயின. அந்தப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்ததும் அதே பிரிவு எழுத்தர்தான். மதியத்துக்கு மேல் அவருக்கு அந்த நாற்காலி. அவர் குறிப்பு எழுத, இயக்குநர் கையெழுத்துப் போட, ஒரு வாரத்தில் கடிதங்கள் கிளம்பின.

பஸ் டிரைவருக்கு, ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கையில் இன்னொரு மனைவியைப் பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு வந்தது. முதல் மனைவியின் ஆட்சேபணையில்லாச் சான்று இருந்தால் போதும் என்றும் இருந்தது. அவர் மனைவி உடனே எழுதிக் கொடுத்தார். 'பகல் முழுக்க அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.'

தையற்கார அம்மாவுக்கு, தாயாரின் வயதுச் சான்றைக் கேட்டு வந்தது.

பம்ப் அக்காவுக்கு வந்தது மாற்றல் உத்தரவு. இரத்த உறவினரோ மண உறவினரோ ஒரே பிரிவில் பணியாற்றக் கூடாது என்பது விதியாம். மாமனாரும் மருமகளும் பத்தொன்பது வருஷமாக ஒரே அறையில் பணியாற்றிவந்தது இப்போதுதான் தெரியவந்திருக்கிறதாம். மாமனார் எடை அதிகம் என்பதால் மருமகளை மாற்றுகிறார்களாம். அவருக்கு உறவாபீசின் ஆவண அறையில், 'எவ்வித உறவும் இல்லாத' ஒரு ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் இருக்கை ஒதுக்கப்பட்டிருந்தது.

பம்ப் அக்கா உத்தரவோடு நேரே ஸ்டுடியோவுக்கு வந்தார். கோபமாக வந்தவரின் குரல், ஸ்டூலில் உட்கார்ந்ததும் இறங்கிப்போயிற்று.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புது ஆளுக்கு அவர் உடம்பு தெரியாது. சூடேறிப் போயிடுவாரு."

படக்காரர் கண்ணாடியில் தொங்கிய சீப்பை எடுத்துத் திரும்ப மாட்டினார்.

பம்ப் அறைக்குப் புதிதாக வந்தவர் படித்தவர். தனக்கு எந்த இயந்திரமும் உறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். கையேட்டை மூன்று முறை படித்திருந்தார். கையேடு வேறொரு பம்புடையது. தண்ணீர் ஊற்றாமல், காற்றை வெளியேற்றாமல் சுவிட்சைத் தட்டினார். பம்ப் ஓர் அலறு அலறியது, புகைந்தது, நின்றது. அவரும் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார், அதற்கப்புறம் உள்ளே கால் வைக்கவில்லை.

அந்தச் சமயம் படக்காரரின் மனைவி தலை முழுக்க ஷாம்பு நுரையோடு குளியலறையில் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியாமல் கதவைத் தட்டினார்.

"யாருங்க தண்ணியை நிறுத்தினது?"

"அது... ஒருவகையில நான்தான்" என்றார் படக்காரர்.

அந்த நுரை காய்ந்து போகும் வரை மனைவி பேசியவை இந்தக் கதைக்குத் தேவையில்லை.

மூன்றாம் நாள் பதினொரு தெருவும் வாளியும் கையுமாக லாரிக்குப் பின்னால் ஓடியது. மனைவி கேமரா பையை எடுத்துப் படக்காரரின் தோளில் மாட்டினார். "போங்க. போய் நேரா அந்த ஆளைப் பாருங்க. நீங்க எழுதினதுதானே? நீங்களே அழிச்சுட்டு வாங்க."

இயக்குநர் அன்போடு வரவேற்றார்.

"சார், அந்தம்மா பேச்சுக்குச் சொன்னாங்க. நான் தெரியாம எழுதிட்டேன்."

"பேச்சுக்குச் சொன்னதை எழுத்துல எழுதலாமா? எழுத்துல எழுதினதைப் பேச்சுல மாத்தலாமா? அப்புறம் இயக்ககம்னு ஒண்ணு எதுக்கு?"

"ஊர்ல தண்ணி இல்லையே சார்."

"அதைத் தண்ணிக்கான துறை பார்த்துக்கும். நாங்க உறவை மட்டும்தான் பார்க்கறோம். இப்ப எவ்வளவு நேர்மையா இருக்குன்னு பாருங்க! தண்ணி வரலை, ஆனா சலுகையும் காட்டலை."

"பதிவைத் திருத்த வழியே இல்லையா?"

"ஏன் இல்ல? ரெண்டு தரப்பும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா போதும்." அடித்தளத்தோடு நாலு போல்ட் போட்டு இறுக்கிய மாமனாரை எப்படி நேரில் அழைத்து வருவது என்று படக்காரர் யோசித்தார். இயக்குநரும் மனமிரங்கி யோசித்தார். "வேணும்னா ஒண்ணு பண்றேன். உறவினரைப் பார்க்கறதுக்கு அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

அப்படியே நடந்தது. ஞாயிறு நாலு மணிக்குப் பம்ப் அக்கா பார்வையாளர் சீட்டோடு வந்தார். கசிவை அடைக்கிற, சூடேறிக் கருகிப்போன பாக்கிங் கயிற்றை மாற்றினார், தண்ணீர் ஊற்றினார், காற்றைத் திறந்துவிட்டார். ஊரில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தது. அஞ்சு மணிக்குக் காவலாளி வந்து, "நேரம் முடிஞ்சுதுங்க" என்றார். பம்ப் நின்றது. கிளம்புகிறபோது பம்ப் அக்கா அதன் முதுகைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் போல வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் படக்காரர் மறுபடியும் உறவாபீசுக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பிரிவு எழுத்தர் கோப்போடு கடந்து போனவர் நின்றார். மூன்று நாள் தாடி.

"எங்க வீட்டுலயும் தண்ணி இல்ல" என்றார், மெதுவாக. "உறவின்மைச் சான்றுன்னு ஒண்ணு இருக்கு. யாரும் கேட்டதில்ல, அதனால யாரும் மறுத்ததில்ல. மனிதரும் இயந்திரமும் ஒரே படத்துல இருக்கணும். ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லைன்னு படத்துல தெரியணும். நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிடாதீங்க."

இல்லாததை எப்படிப் படமெடுப்பது? படக்காரர் அடுத்த ஞாயிறு கேமராவோடு போனார். முதல் படத்தில் பம்ப் அக்காவைப் பம்புக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். இயக்குநர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கோவம் உறவு இருந்தாத்தான் வரும். நிராகரிக்கப்படுகிறது."

அதற்கடுத்த ஞாயிறு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துச் சிரிக்கச் சொன்னார்.

"எதையோ மறைக்கறாங்க. நிராகரிக்கப்படுகிறது."

மூன்றாவது ஞாயிறு எதையும் சொல்லாமல் எடுத்தார். அதில் பம்ப் அக்காவின் இடது கை தானாகவே பின்னால் போய் வால்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் காட்டாமலே கிழித்துப்போட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் ஊர் ஒரு மணி நேரம் குளித்தது. மற்ற நாட்களில் படக்காரரைத் தெருவில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாலாவது ஞாயிறு பம்ப் அக்காவே கேட்டார். "அண்ணே, உங்க கடையில என் ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்தேன், ஞாபகமிருக்கா? அதைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர், 'யார் இது?'ன்னு கேட்டார்."

படக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். பிறகு பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"உட்காருங்க. கை ரெண்டும் மடியில. மோவாயைத் தூக்குங்க. சிரிக்காதீங்க. இங்க பாருங்க."

பம்ப் அக்கா உட்கார்ந்தார். உடனே எழுந்தார். பம்பின் பக்கம் குனிந்து, "ஒரு நிமிஷம் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். திரும்ப உட்கார்ந்து மோவாயைத் தூக்கினார்.

படக்காரர் எடுத்தார். கேமராவின் முதுகிலிருந்த திரையில் பார்த்தார். எத்தனை ஆயிரம் பேரை இப்படி ஆக்கி, கவரில் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்று முதல் தடவையாக நினைத்துக்கொண்டார்.

இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இந்தம்மாவுக்கும் பம்புக்கும் ஒண்ணும் இல்ல. இந்தம்மாவுக்கும் இந்த உலகத்துக்குமே ஒண்ணும் இல்ல போலிருக்கு. பிரமாதம்!" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, "எந்திரிங்க மாமா" என்ற குரல் கேட்டது. ஆறு மணிக்குப் பதினொரு தெருவிலும் தண்ணீர் வந்தது. படக்காரரின் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு அவரோடு சாதாரணக் குரலில் பேசினார்.

செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த வருஷக் கண்காட்சிக்குப் படக்காரர் போன இடத்திலெல்லாம் ஜனங்கள் உஷாராக இருந்தார்கள். உறவாபீசும் பெருந்தன்மையோடு பட்டியலில் 'முன்பின் தெரியாதவர்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தது. நூறு பேரும் அதையே எழுதச் சொன்னார்கள். பஸ் டிரைவர், வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி தன் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். தையற்கார அம்மா மிஷினுக்கு ஓரடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டார். ஜெராக்ஸ்காரர் முழங்காலை அடக்கிக்கொள்ளப் பட்ட பாடு படத்திலேயே தெரிந்தது. சுவர் முழுக்க நூறு மோவாய்கள் தூக்கியிருந்தன.

திறப்பு விழாவில் இயக்குநர் உருகிப்போனார்.

"பாருங்கள்! நவீன மனிதன் எவ்வளவு தனியாக நிற்கிறான்! இயந்திரத்தோடு வாழ்கிறான், ஆனால் அதன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. யார் இவர்களைப் பிரித்தது? இதைக் கண்டறியாமல் இந்த இயக்ககம் தூங்காது. கண்டறிய இன்னும் இரண்டு மாடி தேவைப்படுகிறது."

கைதட்டல் அடங்கியதும் அவர் கண் முன்வரிசையிலிருந்த பம்ப் அக்காவின் மேல் விழுந்தது. மேடைக்கு அழைத்தார். மேடை ஓரத்தில் பிரிவு எழுத்தர் நிகழ்ச்சிக் குறிப்பேட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இருபது வருஷம் பக்கத்துல இருந்திருக்கீங்க. உங்களுக்கும் அந்த பம்புக்கும் நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

பம்ப் அக்கா படக்காரரைப் பார்த்தார். படக்காரர் தரையைப் பார்த்தார்.

"ஐயோ, அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார் பம்ப் அக்கா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. இயக்குநர் அடுத்த பேச்சுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. பிரிவு எழுத்தர் 'அவர்' வரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்தார். பம்ப் அக்காவின் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் யாருடைய வாய்ச்சொல்லையும் மாற்றி எழுதியவர் இல்லை. பேனாவை ஒருதரம் மூடினார், திறந்தார். 'அவர்' என்பதை அடித்துவிட்டு 'அது' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில், விதிப்படி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.